கட்டியங்காரனுக்குக் கூலி கொடுப்பது யார்?

தமிழில் ஓப்பரா இல்லையே என்று வருந்தும் கட்டுரை ஒன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஏதாவதோர் இதழில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியவர்கள் எழுதுவது. மிலான் நகரின் லா ஸ்காலாவையும் சிட்னி துறைமுகத்து வெண்கூரையையும் வியந்துவிட்டு, நமக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லையே என்று முடிப்பார்கள். வருத்தம் கட்டடத்துக்காக என்றால் எனக்கு மறுப்பில்லை. கலைக்காக என்றால், கோடைக்காலத்தில் தென்னார்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திடலில் ஓர் இரவு விழித்திருந்து பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வேன்.

கதையைப் பாட்டால் நடத்துவது, ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவைத் தானே பாடி அறிவிப்பது, வாத்தியக்காரர்கள் அரங்கிலேயே அமர்ந்து நடிகனின் மூச்சுக்கு மூச்சு இசைப்பது, பாட்டும் ஆட்டமும் ஒப்பனையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதிருப்பது ஆகியவைதாம் ஓப்பராவின் இலக்கணம் என்றால், நம்மிடம் அது ஒன்றல்ல, பலவாக இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் இராமகாதையை நாடகக் கீர்த்தனையாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரம் பாடினார். அவருக்குப் பின் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் குவித்த இசை நாடகங்கள் இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில், எழுதியவர் பெயர் பல இடங்களில் தெரியாத தெருக்கூத்து இருக்கிறது. முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், தாளம். அவற்றோடு மரக்கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து எட்டு மணி நேரம் பாடி ஆடும் உடம்பு. இதற்கு மேல் ஓப்பராவுக்கு வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஓப்பரா உண்டா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. இருப்பதற்கு யார் செலவு செய்கிறார்கள், எந்த நோக்கத்தில் செய்கிறார்கள், அதற்குக் கைம்மாறாக எதைக் கேட்கிறார்கள் என்பதே நாம் பேச வேண்டிய பொருள்.

*

பாட்டு நாடகமும் அரசியலும் பிறந்த நாள் முதலே பிரியாதவை. நந்தனாரையே எடுத்துக்கொள்வோம். சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் ஆண்டை கிடையாது. நந்தனுக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு வேதியரை நிறுத்தி, அவரிடம் கூலிக்காரன் விடுப்புக் கேட்டு நிற்கும் காட்சியை வைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று ஆண்டை நிபந்தனை விதிக்கிறார். பக்தி இலக்கியம் என்று நாம் வகுப்பில் நடத்தும் அந்தப் படைப்பின் உயிர்முடிச்சு ஒரு பண்ணையாளின் விடுப்பு விண்ணப்பம்தான். 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சை வட்டாரத்தில் இதைப் பாடிக் கேட்டவர்களுக்கு அது புராணமாக மட்டுமா கேட்டிருக்கும்?

மேற்கிலும் இதுவே நிலைமை. 1830 ஆகஸ்ட் 25 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ஓர் ஓப்பராவைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்த கூட்டம் கலகத்தில் இறங்கியது. பெல்ஜியம் தனி நாடானதன் தொடக்கம் அந்த இரவு. நம் பக்கத்தில் தியாகி விஸ்வநாததாஸ் இருக்கிறார். வள்ளி திருமண மேடையில் முருகனாக நின்றுகொண்டே வெள்ளைக்காரனைச் சாடிப் பாடியவர். பலமுறை சிறை சென்றவர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களையும் சகித்தவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. சென்னை மாநகரின் அரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய இரவு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சென்னையில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது?

ஆட்சியாளர்கள் நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள். 1876இல் ஆங்கில அரசு நாடக நிகழ்த்துதல் சட்டம் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பின் 1954இல் சென்னை மாநில அரசு தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது, எம்.ஆர். ராதாவின் நாடகங்களை நிறுத்துவதற்காகவே அது வந்தது என்று அன்றே பேசப்பட்டது. அந்த மாநிலச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது 2013இல்தான். வழக்குத் தொடுத்தவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. இடையில் எத்தனை ஆட்சிகள் மாறின! மேடையிலிருந்து எழுந்து வந்தவர்களே முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார்கள். ஆனாலும் சட்டத்தைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. கைவசம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

*

தடை செய்வது பழைய வழி. விருந்தினனாக அழைத்து மாலை போடுவது புதிய வழி. இரண்டாவது வழியைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை.

சென்னை நகரம் பாட்டு நாடகத்தை எப்படி நடத்தி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் நடிக்க வந்தார்கள். நாடகத்துக்கு மரியாதை வந்தது. வந்த மரியாதை உரைநடை நாடகத்துக்கே பெரிதும் போய்ச் சேர்ந்தது. விடிய விடியப் பாடுவது பாமரர் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் அதோடு வேரூன்றியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது அதே காலத்தில்தான். 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. பின்னர் ராஜா அண்ணாமலை மன்றம் கட்டப்பட்டது. கச்சேரி மேடையில் தமிழுக்கு இடம் கேட்ட அந்த இயக்கத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் அதன் வித்து விழுந்தது என்பதில் எங்கள் மாவட்டத்துக்காரனுக்குரிய பெருமிதமும் எனக்குண்டு. ஆனால் அது பாட்டுக்கான போராட்டம்; கூத்துக்கு அதில் இடமில்லை. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் கண்ட தலைமுறை மறைந்ததும் இசை நாடகம் நகரைவிட்டு வெளியேறியது. நடிகர்களை சினிமா எடுத்துக்கொண்டது, கொட்டகைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது.

நகரத்தில் கூத்துக்கு மறுபடி ஓரிடம் கிடைக்க, 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்க வேண்டியிருந்தது. புரிசை கண்ணப்ப தம்பிரானைச் சென்னை அறிவாளிகளுக்கு அறிமுகப்படுத்தியதில் முத்துசாமிக்குப் பெரும் பங்குண்டு. அது சில நூறு பேருக்கான அறிமுகம். லட்சம் பேருக்கான அறிமுகம் 2007 பிப்ரவரியில் வந்தது.

சென்னை சங்கமத்தைத்தான் சொல்கிறேன். கனிமொழியும், ஜெகத் கஸ்பரின் தமிழ் மையமும், மாநில அரசின் துறைகளும் சேர்ந்து நடத்திய விழா அது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பூங்காக்களில் பறை ஒலித்தது. கடற்கரையில் கூத்து நடந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பொங்கலையொட்டி நடந்தது. அன்றைக்கு நம்மில் பலர் அதைக் கட்சி விழா என்று முகம் சுளித்தோம். சிலர் பாதுகாப்பாக மௌனம் காத்தோம். ஆனால் சாவு வீட்டு வாசலுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்த பறை, நடுத்தர வர்க்கம் காலை நடை போகும் பூங்காவுக்குள் அரசு அழைப்போடு நுழைந்தது சிறிய காரியமல்ல. கலைஞர்களுக்குக் கூலி கிடைத்தது. அதைவிட முக்கியமாக, தம் தொழிலைச் சொல்லிக்கொள்ளும் துணிவு கிடைத்தது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் வந்தது. இவற்றை மறுப்பவர் நேர்மையாகப் பேசவில்லை.

பிறகு என்ன நடந்தது? 2011 ஜனவரியில் சங்கமம் நடந்தது. அவ்வாண்டு மே மாதம் ஆட்சி மாறியது. விழா நின்றுபோனது. நிறுத்துகிறோம் என்று யாரும் விளக்கம் தரவில்லை. தர வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. மறுபடி 2021இல் ஆட்சி மாறி, 2023 ஜனவரியில் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில், கலை பண்பாட்டுத் துறையின் ஏற்பாட்டில், விழா திரும்பி வந்தது.

நடுவில் கழிந்தவை பதினொரு பொங்கல்கள். கூத்தில் பதினோரு ஆண்டு என்பது ஒரு முழுத் தலைமுறை. பத்து வயதில் கோமாளிக்குப் பின்னால் நின்று தாளம் போடத் தொடங்கும் பையன் இருபத்தொரு வயதில் அர்ச்சுனன் வேடம் கட்டுவான், அல்லது திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டிருப்பான். அந்த முடிவை எடுக்க வேண்டிய வயதில் அவனுக்கு முன்னால் இருந்தது எது என்பதே கேள்வி. ஒரு கட்சி தோற்றதால் ஒரு கலை மேடை இழக்கும் என்றால், அது கலைக்குக் கிடைத்த மேடையே அல்ல. கட்சி தன் மேடையில் கலையைச் சிறிது நேரம் நிற்க வைத்தது, அவ்வளவுதான். இதை எந்தக் கட்சிக்கும் எதிராகச் சொல்லவில்லை. நடத்தியவர் செய்ததும் நிறுத்தியவர் செய்ததும் ஒரே தவறு: இரண்டு தரப்பும் விழாவை நடத்தியவரின் சொத்தாகவே கருதின.

*

என் மாணவர்களில் கூத்து ஜமாக்களோடு உறவுள்ள குடும்பத்தினர் சிலர் எப்போதும் இருந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவர் நகர விழா ஒன்றுக்குத் தம் தந்தையோடு போய் வந்து சொன்ன செய்தி மறக்கக்கூடியதல்ல. கர்ண மோட்சம் நடத்தச் சொல்லி ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்களாம். திரைப்பாட்டும் வரவும் முடிவதற்கே அரை மணி ஆகிவிடும். ஆகவே நேரே போர்க்களத்தில் தொடங்கியிருக்கிறார்கள். பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடம், கூடியிருக்கும் பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம், இல்லை. அம்பு பட்டு அவன் சாய்வதற்குள் அடுத்த நிகழ்ச்சியின் ஒயிலாட்டக் குழு மேடையோரம் வந்து நின்றுவிட்டதாம்.

நகரத்தாருக்கு எட்டு மணி நேரம் ஏது என்று கேட்பது நியாயம்தான். டிசம்பர் மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி கேட்கிற நகரத்திடம் அதே கேள்வியை நான் திருப்பிக் கேட்கலாம், கேட்கவில்லை. சுருக்குவது குற்றமல்ல. முழுவதும் எங்கேயோ உயிரோடு இருக்கும்வரை சுருக்கத்துக்குப் பொருள் உண்டு. நகரத்து ஒரு மணி நேரமே கலையின் முழு உருவமாகிவிடும்போதுதான் அஞ்ச வேண்டும். விழாவுக்கென்றே பயிற்றுவித்த, பளபளக்கும் உடையணிந்த, விடிய விடிய ஓர் இரவும் ஆடியறியாத குழுக்கள் உருவாகிவிட்டன என்பதைக் கவனிக்கிறவர்கள் அறிவார்கள்.

நேரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது கட்டியங்காரனின் நாக்கு.

கூத்தில் கட்டியங்காரன் யார்? துரியோதனன் சபைக்குக் கட்டியம் கூறுபவன். அதே மூச்சில் அந்தத் துரியோதனனையே நக்கல் செய்பவன். பாரதத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே நின்று, அஸ்தினாபுரத்தைப் பற்றிப் பேசுவதாகப் பேசி ஊர்ச் சாலையின் பள்ளத்தை, ரேஷன் கடை எடைக்கல்லை, ஒப்பந்தக்காரரின் கமிஷனை இழுத்து வருபவன். ஊர்ப் பெரியவர் முதல் வரிசையில் அமர்ந்திருப்பார். அவர் பெயரையும் சொல்லாமல் சொல்லுவான். சிரிப்பு அடங்கியதும் அவரே அழைத்து இருபது ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார். இந்த உரிமை அவனுக்கு எப்படிக் கிடைத்தது? அவனுக்குக் கூலி கொடுப்பது அந்தப் பெரியவர் மட்டுமல்ல, ஊர். தலைக்கட்டுக்கு இவ்வளவென்று வரி வைத்து எல்லா வீட்டிலும் வசூலித்த காசில் அவன் பேசுகிறான். ஒருவருக்குக் கடன்பட்டவன் அவரைக் கேலி செய்ய முடியாது. ஊருக்கே கடன்பட்டவன் ஊரில் யாரையும் கேலி செய்யலாம்.

இப்போது அவனைத் தலைநகரத்து அரசு மேடையில் நிறுத்திப் பாருங்கள். பின்னால் பதாகை. பதாகையில் தலைவர்களின் முகங்கள். முன்வரிசையில் துறை அதிகாரிகள். அடுத்த ஆண்டு அழைப்பதும் அழைக்காததும், கலைமாமணிக்குப் பரிந்துரைப்பதும் பரிந்துரைக்காததும் அவர்கள் கையில். யாரும் அவனிடம் எதையும் பேசாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் காவலரைக் கொண்டு செய்ய முயன்றதை ஒரு பொன்னாடை சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

*

எங்கள் ஊர்த் தலபுராணத்தில் ஒரு கதை உண்டு. சேக்கிழாரும் அதைச் சொல்கிறார். சுந்தரர் திருமுதுகுன்றத்து இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு வழக்கை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் சுந்தரர் ஏமாளியல்லர். ஆற்றில் இடுவதற்கு முன்பே பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. விடவில்லை, மறுபடி பாடி, சரியான மாற்றுக்கு வரச் செய்த பிறகே எடுத்துச் சென்றார்.

இன்று கலைக்கு நேர்வது இதே பயணம். கலை விளைவது மணிமுத்தாற்றங்கரையிலும் செஞ்சிப் பக்கத்திலும் செய்யாற்றுக் கரையிலும். கைதட்டல் கிடைப்பது எங்களூரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், தீவுத்திடலில். இடையில் மாற்றுக் குறைகிறதா என்று உரைத்துப் பார்க்க மச்சம் யார் கையில் இருக்கிறது? விழாவுக்கு எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்ற கணக்கு எங்களுக்குச் சொல்லப்படுகிறது. விழாவுக்கு வந்த ஜமா மீதி நாட்களில் எத்தனை இரவு ஆடியது, எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்ற கணக்கை எவரும் எடுப்பதில்லை. இந்த இரண்டாவது கணக்குத்தான் மச்சம்.

ஊர் ஆதரவு என்றதும் நான் பழமையைப் போற்றுவதாக எண்ண வேண்டாம். தலைக்கட்டு வரியில் சாதி இருக்கிறது. எந்தத் தெரு வரி கொடுக்கலாம், எந்தத் தெருவின் வரியை வாங்க மாட்டார்கள், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதெல்லாம் ஊர்க் கூட்டத்தில் ரத்தம் சிந்தும் அளவுக்குப் போன வழக்குகள். திரௌபதி துகிலுரியப்படுவதைக் கண்டு கண்ணீர் விட்ட கூட்டம், அடுத்த தெருப் பெண் கோயிலுக்குள் வந்தால் கதவைப் பூட்டியிருக்கிறது. இது விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் தன் பங்குக்கு நெருக்குகிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். நோயாளிகளையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும் எண்ணிப் போட்ட நல்ல விதிதான். ஆனால் கூத்து தொடங்குவதே பத்து மணிக்கு மேல். ஆகவே நடைமுறையில் காவல் நிலையம் கண்டும் காணாமல் இருந்தால் கூத்து உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கண்டும் காணாமல் இருக்கச் செய்யும் செல்வாக்குள்ளவர் ஊரில் யாரோ, அவருக்கு அந்த ஆண்டுக் கூத்து கடன்படுகிறது. கட்டியங்காரன் ஊரிலும் மெல்ல மெல்ல நாக்கை அடக்கக் கற்றுக்கொள்கிறான்.

*

வெளிநாட்டு அனுபவம் இதில் நமக்கு ஏதேனும் கற்றுத் தருமா? இரண்டு செய்திகள் நினைவுக்கு வருகின்றன. 1943இல் நியூயார்க் மேயர் லா கார்டியாவின் முன்முயற்சியில் அந்த நகருக்கென்று ஓர் ஓப்பரா நிறுவனம் தொடங்கியது. செல்வர்களின் அரங்குக்குப் போக முடியாதவர்களுக்காக மலிவான சீட்டு; மக்களின் ஓப்பரா என்றே பெயர் பெற்றது. எழுபது ஆண்டு நடந்து 2013இல் திவாலானது. மேயரின் நல்லெண்ணம் மேயரோடு போய்விடும். நிலையான வருவாய் இருந்தால்தான் நிறுவனம் நிற்கும். லண்டன் செய்தி வேறு வகை. 2022 நவம்பரில் இங்கிலாந்துக் கலைக் கழகம் ஆங்கில தேசிய ஓப்பராவுக்கு வழங்கி வந்த தொடர் மானியத்தை நிறுத்தி, லண்டனுக்கு வெளியே இடம் மாறினால் பணம் தருவதாகச் சொன்னது. பெரும் கூச்சலுக்குப் பின் 2023இல் மான்செஸ்டர் என்று முடிவாயிற்று. தலைநகரில் குவியும் கலைப்பணத்தை வெளியூர்களுக்குப் பிரிக்க வேண்டும் என்ற நியாயம் எனக்கு உடன்பாடே. ஆனால் மேலிருந்து வரும் ஆணையால் ஒரு குழுவைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது அந்த நியாயத்தையே கெடுத்துவிடுகிறது. ஏற்கெனவே வெளியூரில் வேர்விட்டிருப்பதற்குத் தண்ணீர் ஊற்றுவது எளிது, செலவும் குறைவு.

தண்ணீர் ஊற்றும் வழி நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். எஸ்.ஆர். ரங்கநாதனின் சிந்தனைக்கு அதில் பங்குண்டு. வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை சேர்த்து வசூலிக்கப்படுகிறது. உள்ளாட்சிகள் அதை ஒழுங்காகக் கட்டுவதில்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. நூலகங்களின் நிலையும் பெருமைப்படத் தக்கதல்ல. என்றாலும் ஆட்சி மாறினால் கிளை நூலகம் மூடப்படுவதில்லை. விருத்தாசலத்தில் புத்தகம் இரவல் வாங்குகிறவர் அதற்காக எந்த அமைச்சருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அவர் வரி கட்டியிருக்கிறார். புத்தகம் அவர் உரிமை. கூத்து ஏன் அப்படி இருக்கக் கூடாது?

புதிய வரி என்றால் எதிர்ப்பு வரும் என்பார்கள். பழைய வரியே போதும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திரையரங்குகளின் கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்கே போகிறது. அதில் ஒரு சிறு பங்கை அந்தந்த வட்டாரத்துப் பாட்டு நாடகத்துக்கென்று சட்டப்படி ஒதுக்கலாம். கொட்டகையைப் பறித்துக்கொண்ட கலையிடமிருந்து கொட்டகை இழந்த கலைக்குச் சிறிது வாடகை. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு நகராட்சியிலும் குடியிருப்பைவிட்டுத் தள்ளி ஒரு திறந்தவெளித் திடல். ஆண்டில் குறிப்பிட்ட இரவுகள் அங்கே கூத்து. எந்தத் தெருவுக்காரரும் எங்கும் உட்காரலாம் என்பது அதன் முதல் விதி. பொதுப் பணம் வந்தால்தான் இந்த முதல் விதியை வற்புறுத்த முடியும். தலைக்கட்டு வரிக்கு அந்த வலிமை கிடையாது. ஒலிபெருக்கி விதிக்குத் தக்க இடத்தையும் நாட்களையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் காவல் நிலையத்தில் கெஞ்சும் வேலையும் குறையும். எந்த ஜமாவை அழைப்பதென்று வாத்தியார்களும் வட்டாரத்து ஆசிரியர்களும் வாசகர்களும் அடங்கிய குழு முடிவு செய்யட்டும். பதாகையில் எவர் முகமும் வேண்டாம்.

சென்னைக்கு ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்த விக்டோரியா பொது மண்டபத்தை மாநகராட்சி அண்மையாண்டுகளில் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கும் பணியில் இறங்கியது. நாடகத்துக்கென்று பேர்பெற்ற அந்த மண்டபத்தில் மாதத்தில் ஓர் இரவேனும் முழுக் கூத்து, முழு இசை நாடகம் நடக்கட்டும். உள்ளரங்கம்தான், அண்டை வீட்டார் தொல்லை இல்லை. எதிரே சென்ட்ரல் நிலையம். விடிந்ததும் ஜமா ரயிலேறி ஊர் திரும்பிவிடலாம். பொங்கல் விழாவும் நடக்கட்டும். ஆனால் அது ஆண்டு முழுவதும் நடப்பதன் அறுவடையாக இருக்கட்டும்.

இவ்வூர்ப் பீங்கான் தொழிலில் ஒரு பாடம் உண்டு. தொடர்ந்து எரிகிற சூளையை அணைத்துவிட்டு மறுபடி மூட்டுவதற்கு ஆகும் செலவையும் நாட்களையும் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சூடு நின்று நின்று ஏறினால் உள்ளே பதித்த கல்லே விரிசல் காணும். கலைக்கு நாம் மூட்டும் நெருப்பு ஐந்து நாள் எரிந்து முந்நூற்று அறுபது நாள் அணைந்து கிடக்கிறது. ஆட்சி மாறினால் பதினோரு ஆண்டு அணைந்து கிடக்கிறது. காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலின் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் நடத்திய குருகுலம், சிறுவர்களுக்கும் சிறுமியருக்கும் கூத்தையும் பள்ளிப் படிப்பையும் சேர்த்துக் கொடுத்தது. 2020இல் அது மூடப்பட்டது. அதுபோன்ற ஒன்றை ஏந்திக்கொள்ள நம்மிடம் ஓர் உள்ளாட்சி ஏற்பாடு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தெருவிளக்குக்கே பணமில்லாத நகராட்சியிடம் கூத்துக்குக் கேட்கிறீரே என்று நண்பர் ஒருவர் சொன்னார். தெருவிளக்கு எரியவில்லை என்பதை நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்ல ஊரில் இன்று யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். உள்ளூர்ச் செய்தியாளருக்கு விளம்பரம் வேண்டும். உறுப்பினருக்குத் தலைவரின் தயவு வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு வேலை வேண்டும். எதையும் இழக்காமல், எவரையும் பெயர் சொல்லாமல், எல்லோருக்கும் புரியும்படி பேசுவதற்கென்றே நம் முன்னோர் ஒருவனை உருவாக்கி, கோமாளிக் குல்லாயும் கொடுத்து மேடையில் நிறுத்தியிருந்தார்கள். இந்தத் தொகுதி 2006இல் ஒரு திரை நடிகரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. நடிப்புக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நடிகர்கள் நம்மை ஆளலாம் என்பதை ஏற்றுக்கொண்ட நாடு, ஆள்கிறவர்களை ஒரு நடிகன் கேலி செய்யலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் குடிநீரையும் சாக்கடையையும் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்: நம் ஊரில் ஆண்டுக்கு எத்தனை இரவு கூத்து நடக்கும், அதற்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், அங்கே கட்டியங்காரன் உங்களைப் பற்றிப் பேசினால் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பீர்களா?